லெச்சுமி அக்கா வீட்டுத் தேத்தண்ணி

டின் பாலை ஊற்றி, சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிய தேத்தண்ணி வாசனை... கோல சிலாங்கூர் எஸ்டேட்டில், வரிசை வீடுகளான லயங்களில் எங்களை முதலில் வரவேற்பது அதுதான். நாங்களோ இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, இருக்கிறதா என்று பார்க்கப் போனவர்கள்!

எங்கள் சர்ச் பெண்கள் குழு அது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சேலைகூட மாற்றாமல் வேனில் ஏறிவிடுவோம். ஒரு பிரஷர் மிஷின், விரலில் குத்தும் ஊசி, பஞ்சு, ஸ்பிரிட்... அவ்வளவுதான் எங்கள் ஆஸ்பத்திரி.

நான் அப்போது ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வாரம் முழுக்க மிஷின் முகத்தில் முழித்தவளுக்கு, மனிதர்களோடு உட்கார்ந்து பேசக் கிடைத்த ஒரே நாள் அது.

எங்களுக்குத் தலைவி ஸ்டெல்லா ஆன்ட்டி. ரிட்டையர்டு நர்ஸ். முகத்தில் சிரிப்பு, வாயில் மிலிட்டரி. எந்த வீட்டிலும் தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"சீனிய கொறைங்கன்னு சொல்லிட்டு நம்மளே வாங்கிக் குடிச்சா நல்லாவா இருக்கு?"

நியாயம்தானே! வீட்டுக்கு வீடு "வேணாங்க்கா... வேணாங்க்கா" என்று கையை ஆட்டிவிட்டு வந்தோம்.

கொஞ்ச நாளில் லயத்தில் கூட்டம் குறைய ஆரம்பித்தது. செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் லெச்சுமி அக்கா எப்போதும் முதல் ஆளாக வந்து விரலை நீட்டுவார். அவரையே காணோம்.

ஒரு ஞாயிறு, பைப்படியில் அவரைப் பார்த்துவிட்டோம். பாதத்தில் துணி சுற்றியிருந்தது. எங்களைக் கண்டதும் நொண்டிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு முகம் மாறிவிட்டது. லெச்சுமி அக்காவுக்கு ரத்தத்தில் சீனி ஏகத்துக்கு இருந்தது எங்களுக்குத் தெரியும். அந்தக் காலில் புண் என்றால்...

ஆன்ட்டி கதவைத் தட்டினார். பதில் உள்ளிருந்துதான் வந்தது.

"சாமி கும்புடுற வீட்டுல நீங்க கை நனைக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சி போச்சு. அப்புறம் என் கால மட்டும் எதுக்குப் பாக்கணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் சீனிக்குப் பயந்து வேண்டாம் என்றோம். அவர்களோ, சர்ச்சுக்காரர்கள் நம் வீட்டில் வாய் வைக்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். லயம் முழுக்க அதே பேச்சாம்.

ஸ்டெல்லா ஆன்ட்டி வாசல்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"லெச்சுமி, எனக்கும் இனிப்பு நீர்தான். ரொம்ப வருஷமா மருந்து சாப்புடுறேன். நீ சீனி இல்லாம போட்டுக் குடு, இங்கயே குடிக்கிறேன்."

கதவு லேசாகத் திறந்தது.

"வூட்டுக்கு வந்தவங்களுக்கு சீனி போடாம எப்புடிம்மா குடுக்கிறது?"

"உனக்கும் சேத்துப் போடு. ரெண்டு பேரும் மூஞ்ச சுளிச்சிக்கிட்டே குடிப்போம்லா."

குடித்தார்கள். லெச்சுமி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் துணியை அவிழ்த்தார். பனைமுள் குத்திய இடம் கறுத்துப் போயிருந்தது.

நேராக வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர். ஒரு கிளாஸ் தேத்தண்ணி விஷயத்தில் ஒரு கால் போகப் பார்த்தது.

அடுத்த ஞாயிறே ஆன்ட்டியின் சட்டம் செத்துப்போனது. ஒவ்வொரு லயத்திலும் சீனி இல்லாத தேத்தண்ணி வாங்கிக் குடித்து, பாத்ரூம் தேடி நாங்கள் அலைந்தது தனிக்கதை!

இப்போது அந்த லயம் இல்லை. சனங்கள் ஜெராம் பக்கம் ஃபிளாட்டுகளுக்குப் போய்விட்டார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டியும் இல்லை. இப்போது நாங்களே ஆன்ட்டிகள்; மிஞ்சிய நாலைந்து பேர் காரில் போகிறோம். கிரில் கதவுக்குப் பின்னாலிருந்தே பதில் வரும், "எல்லாம் ஓகே ஆன்ட்டி, வீட்லயே மிஷின் இருக்கு." தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்த காலம் போய், யாராவது குடிக்கிறீங்களா என்று கேட்க மாட்டார்களா என்றிருக்கிறது...

லெச்சுமி அக்காவும் அதே ஃபிளாட்டில்தான். நெற்றி நிறைய விபூதியோடு எங்கள் சர்ச் குழுவுடன் படியேறுகிறார். போன வாரம் ஒரு லோரி டிரைவர் கிரில்லைத் திறக்கவே இல்லை. காலில் பெரிய பேண்டேஜ். "ஒன்னும் இல்லலா, ஆறிடும்" என்கிறான்.

அக்கா சிலிப்பரைக் கழற்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு விரல் இல்லாத அந்தப் பாதத்தை கிரில் கம்பிமேல் தூக்கி வைத்தார்.

"பாத்துக்க தம்பி. நானும் இப்புடித்தான் கதவ சாத்துனேன்."

அவன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாவி எடுக்க உள்ளே போனான்.