பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை

பயப்படுவதற்கென்றே சம்பளம் கொடுக்கும் தொழில்கள் சில உண்டு. லிஃப்ட் மெக்கானிக் வேலை அவற்றில் ஒன்று. ஏறுகிறவர்கள் கண்ணாடியில் தலையைக் கோதிக்கொண்டு நிம்மதியாகப் போய்வர வேண்டுமானால், அவர்கள் பட வேண்டிய பயத்தையெல்லாம் மாதம் ஒரு முறை வேறு யாராவது பட்டுத்தீர்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக இந்த மெக்கானிக் பட்டுவருகிறார். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, எண்ணெய்ப் பிசுக்கேறிய கம்பிவடங்களை விரலால் தடவி, இழை ஏதும் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்ததை நம்பமாட்டார். இன்னொரு முறை தடவுவார்.

சபையில் இவருக்குத் தோமா என்று பேர். ஆண்டவரின் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று அடம்பிடித்த சீடரின் பேர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். இவர் அதைத் தொழிலுக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். அவளுடைய தசைகள் ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தன. முதலில் கால், பிறகு கை, ஏழு வயதில் மூச்சு விடும் தசை. ஆஸ்பத்திரியில் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, அதை ஒரு மூச்சு இயந்திரத்தோடு இணைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இங்க செய்யறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. வீட்ல செய்யறதுக்கு நிறைய இருக்கு" என்றார் டாக்டர். மருத்துவத்தில் அவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவர்கள் குறைவு.

முன்னறை நோயறையானது. ஜன்னலோரம் கட்டில், தலைமாட்டில் மூச்சு இயந்திரம், கீழ்த்தட்டில் சளி உறிஞ்சும் இயந்திரம். லிஃப்டில் எதுவும் ஒற்றையாக இருக்கக்கூடாது என்பது தோமாவின் வேதம். அதனால் வீட்டிலும் பேட்டரி இரண்டு, உறிஞ்சும் இயந்திரம் இரண்டு, டார்ச் இரண்டு. பிள்ளை மட்டும் ஒன்று.

குழாய் வைத்த நாளிலிருந்து அவளுக்குக் குரல் இல்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்குவாள். ஒரு சொடுக்கு ஆமாம், இரண்டு இல்லை, விடாமல் சொடுக்கினால் சளி அடைக்கிறது, எடுங்கள். இந்த மூன்று உத்தரவுகளை வைத்துக்கொண்டு ஒன்பது வயதுக்காரி ஒரு குடித்தனத்தையே நடத்தினாள். அப்பா அவளை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்.

அம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். பயம் என்பதே அறியாதவள் என்று சபையில் பெயரெடுத்தவள். "கர்த்தர் பாத்துக்குவார்" என்பாள். சொல்லிவிட்டு, இரண்டு வருடமாகத் தையல் இயந்திரத்தைக் கட்டிலிலிருந்து ஐந்தடிக்கு அப்பால் நகர்த்தவில்லை. யாரும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்பிய தோமாதான் தினமும் காலை எட்டு மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். விசுவாசம் வீட்டோடு இருந்தது. அவிசுவாசம் பஸ் ஏறிப் போனது.

போன மாதம் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இடது கண்ணில் ஓரங்கள் மங்கிக்கொண்டுவந்தன. கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது, முழுப் பரிசோதனை செய்ய வேண்டும், சொட்டு மருந்து விட்டு மூன்று மணி நேரம் உட்கார வைப்போம், தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் போகல" என்றாள். "மூணு மணி நேரம் இவள யார்கிட்ட விடறது?"

"போகாம இருந்தா? குழாயோட ஓரத்துல ரத்தமா சளியான்னு நாளைக்கு எந்தக் கண்ணால பாப்பே?"

"நீங்க லீவு போடுங்க."

"லீவெல்லாம் இவளோட போன ஜுரத்துலயே தீந்துபோச்சு. இந்த மாசம் அரசாங்கச் சோதனை வேற. நான் இல்லேன்னா அந்தக் கட்டடத்துல லிஃப்ட பூட்டிடுவாங்க."

சபைச் செயலர் பொறுப்பேற்றுக்கொண்டார். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருடமாக அந்தச் சபையின் சங்கிலி ஜெபத்தை நடத்துகிறவர். யாருக்காவது பெருந்துன்பம் என்றால் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, மணிக்கு ஒருவராக, அவரவர் வீட்டில் முழங்காலிட்டு ஜெபிப்பார்கள். ஒருவர் முடிக்கிற நிமிடத்தில் அடுத்தவர் தொடங்கியிருப்பார். யாரும் யாரையும் கூப்பிட்டு உறுதிசெய்துகொள்வதில்லை. அப்படிக் கேட்பதே நம்பிக்கைக் குறைவு. பத்தொன்பது வருடத்தில் ஒரு கண்ணிகூட அறுந்ததில்லை என்பது செயலரின் பெருமை.

தோமா இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்தார்: செயலருக்கும், பக்கத்துத் தெருவிலிருந்த ஓய்வு பெற்ற கணக்கு டீச்சருக்கும். மூச்சு இயந்திரத்தின் குழாயைக் கழற்றுவது, மெல்லிய உறிஞ்சு குழாயைச் சிவப்புக் கோடு போட்ட இடம்வரை உள்ளே விடுவது, அதன் பக்கத் துளையைக் கட்டைவிரலால் மூடிச் சுழற்றியபடி இழுப்பது, மறுபடி மாட்டுவது. எல்லாம் பத்து எண்ணுவதற்குள். டீச்சர் முதல் தடவையே தேறிவிட்டார். செயலர் மூன்றாம் தடவை.

"பாஸ் மார்க் போட்டாச்சா பிரதர்?" என்றார் செயலர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

தோமா மகளைப் பார்த்தார். அவள் யோசித்து ஒரு முறை சொடுக்கினாள்.

"கருணை மார்க்" என்றார் தோமா.

புதன்கிழமை. பகல் முழுக்க அம்மாவின் கண்ணுக்காகவும் பிள்ளைக்காகவும் சங்கிலி ஜெபம். பத்து முதல் ஒன்றுவரை மட்டும், முறைக்கு வருகிறவர் வீட்டில் முழங்காலிடாமல் கட்டிலருகே உட்கார வேண்டும். பத்திலிருந்து பதினொன்று செயலர், பதினொன்றிலிருந்து டீச்சர், பன்னிரண்டிலிருந்து மறுபடி செயலர். ஆலய வாசல் பலகையில் அந்த மூன்று மணி நேரத்தைச் செயலர் சிவப்பு மையில் எழுதினார். பிறகு அதே பட்டியலை எல்லோருக்கும் போனில் தட்டி அனுப்பினார். சிவப்பு மை போனில் போகவில்லை. "பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை" என்று தன் பெயருக்கு எதிரே பார்த்த டீச்சர், எத்தனையோ வருடமாக வருகிற அதே வரிதானே என்று நினைத்தார். கட்டிலருகே உட்காரும் நாளைப் பிறகு தனியாகச் சொல்வார்கள் போலிருக்கிறது.

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது செயலர் எழுந்தார். ஆலயத்தில் மின்கம்பி பார்க்க ஆள் வருகிறான்; சாவி இவரிடம். டீச்சரைக் காணோம். ஆனால் அந்த அம்மாள் வாழ்க்கையில் ஒரு நிமிடம் தாமதித்தவரில்லை.

"டீச்சர் இதோ வந்துட்டிருப்பாங்க. தாத்தா கிளம்பட்டுமா?"

மேனேஜர் இரண்டு முறை சொடுக்கினாள்.

"பயப்படக்கூடாது கண்ணு. விசுவாசம் வேணும்" என்று தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, டீச்சர் வருவதற்கு வசதியாகக் கதவைத் தாழிடாமல் சாத்திவிட்டுப் போனார்.

அதே நிமிடத்தில் டீச்சர் தன் வீட்டுக் கதவைத் தாழிட்டு, போனை அணைத்து, அந்தப் பிள்ளைக்காக முழங்காலிட்டார். கண்ணி அறுபடவில்லை.

பதினொன்று அடித்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனபோது, தோமா எட்டாவது மாடி ஆபீஸின் வரவேற்பு மேசைக்கு எதிரே லிஃப்டுக் குழியிலிருந்து வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டார். கட்டிலோரத்துப் போன் இரண்டு மணியடித்ததும் தானே எடுத்துக்கொள்ளும். அவரே செய்துவைத்த ஏற்பாடு. முதலில் கேட்டது அலாரம். அதற்கடியில் சொடுக்கு, விடாமல்.

"மேனேஜர்! டீச்சர் எடுக்கறாங்களா?"

இரண்டு.

"பக்கத்துல இருக்காங்களா?"

இரண்டு.

"வீட்ல யாராவது இருக்காங்களா?"

இரண்டு. பிறகு மறுபடி விடாத சொடுக்கு, ஆனால் முன்னைவிட மெதுவாக.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வாழ்நாளெல்லாம் அரண்டே கிடந்தவருக்கு, பேய் நிஜமாகவே வந்து நின்றபோது கண் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் விசித்திரம். வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். மனைவி ஆஸ்பத்திரியில், சொட்டு மருந்தால் போனின் எழுத்துகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவதற்கு அந்தத் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. போனை வைக்கக்கூடாது. பயப்படாதே என்று சொல்லக்கூடாது; சொன்னால் பயப்பட ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, சொன்னதை மட்டும் செய்ய வேண்டும்.

"நான் போனை வைக்கமாட்டேன். இப்ப வரவேற்புல இருக்கற அக்காவோட போன வாங்கறேன். வாங்கிட்டேன். எதிர்வீட்டு மாமாவக் கூப்பிடறேன்."

எதிர்வீட்டுக்காரர் அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவர், பகலில் தூங்குபவர். கடவுள் இல்லை என்று சொல்வதில் ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வெடுக்காதவர். அலாரத்தைப் பற்றியும் அந்த வீட்டு ஜெபப் பாட்டைப் பற்றியும் மூன்று புகார்க் கடிதங்கள் எழுதியிருந்தார். தோமாவின் போனில் அவருடைய எண் 'சத்தம்' என்ற பேரில் இருந்தது. எண்ணெய் விரலில் ஒரு முறை தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் எதிர்வீட்டுக்காரர். "பத்து நிமிஷமா உங்க மிஷின் கத்துது. மனுஷன் தூங்க வேணாமா?"

"சார், வீட்ல யாருமில்ல. குழந்தை தனியா இருக்கா. கதவு திறக்குதான்னு பாருங்க."

வலது காதில் செருப்புச் சத்தம், மூச்சிரைப்பு. பிறகு இடது காதில், மகளின் போனில், கதவு திறந்தது.

"யோவ், உதடெல்லாம் நீலமா இருக்குய்யா! எனக்கு இதெல்லாம் தெரியாது!"

"எனக்குத் தெரியும். கை மட்டும்தான் உங்களது. கீழ்த்தட்டுல பச்சை பட்டன். அழுத்துங்க. பாக்கெட்டக் கிழிச்சு சின்னக் குழாய எடுங்க. மிஷினோட வாயில மாட்டுங்க."

"மாட்டிட்டேன்."

"கழுத்துல மாட்டியிருக்கற மூச்சு மிஷினோட பெரிய குழாயக் கழட்டுங்க."

"அதக் கழட்டினா மூச்சு?"

"பத்து எண்ணறதுக்குள்ள திருப்பி மாட்டப்போறீங்க. கழட்டுங்க. சின்னதச் சிவப்புக் கோடுவரைக்கும் உள்ள விடுங்க. அதோட பக்கத்துல இருக்கற ஓட்டையக் கட்டைவிரலால மூடி, சுத்திக்கிட்டே இழுங்க. சத்தமா எண்ணுங்க."

அச்சுக்கூடத்துக் குரல் எண்ணியது. ஆறில் நின்றது.

"எடுத்துட்டேன். அவ கண்ணுல தண்ணி வருதுய்யா."

"வரும். பெரிய குழாய மாட்டுங்க. மாட்டிட்டீங்களா? நாலு மூச்சு போகட்டும். மறுபடி செய்யுங்க. இந்தத் தடவ பத்து வரைக்கும்."

இரண்டாம் முறை உறிஞ்சும் இயந்திரத்தின் புட்டியில் சளி கொர்ரென்று இறங்கியது. அலாரம் நின்றது.

அலாரம் இரண்டு காரணத்தால் நிற்கும். சளி வெளியேறி மூச்சு சீராகியிருக்கலாம். தலைகீழான காரணமும் உண்டு. கைபழகாத ஒருவர் பதற்றத்தில் ஏதாவது பட்டனை அழுத்தி மூச்சு இயந்திரத்தையே நிறுத்தியிருக்கலாம்.

"மேனேஜர்?"

ஒன்றுமில்லை.

"சார், அவ நெஞ்சு ஏறி எறங்குதா?"

"இரு. இருய்யா. பாக்கறேன்."

வரவேற்பு மேசைப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

"மேனேஜர், அப்பா இருக்கேன்."

ஒரு சொடுக்கு. ஒன்றே ஒன்று. அதன்பிறகு வேறெதுவும் கேட்கத் தோமாவுக்குத் துணிவில்லை.

வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டுக்காரர் லுங்கியும் கிழிந்த பனியனுமாகக் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, மூச்சுக் குழாய் இணைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிடிக்க வேண்டிய அவசியமில்லை. அது தானே நிற்கும். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. விரல்கள் வெளுத்திருந்தன.

பன்னிரண்டு ஐந்துக்கு டீச்சர் வந்தார், நலம் விசாரிக்க. அழுது தெளிந்த முகம். "இன்னிக்கு ஜெபத்துல இந்தப் பிள்ளைக்காக அப்படி ஒரு பாரம் பிரதர். பதினொன்னேகாலுக்கு மனசே நடுங்கிப்போச்சு..." பிறகுதான் அறையில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். அவர் பின்னாலேயே செயலரும் வந்தார். நடந்ததைச் சொன்னபோது கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்குத் தோமா சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் வீணாயின.

ஒன்றரைக்கு மனைவி வந்தாள். பாவை விரிந்து எதுவும் சரியாகத் தெரியாத கண்ணோடு, நேராகப் போய் மகளின் முகத்தைத் தடவினாள். உதடு, கழுத்து, குழாய், நாடா. பிறகு அறையில் தெரிந்த மங்கலான உருவங்களை எண்ணினாள்.

"இத்தன பேர் ஏன் இங்க நிக்கறீங்க?"

தோமா சொன்னார், எதையும் குறைக்காமல். அவள் அழவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்த கையை மாலைவரை எடுக்கவில்லை. அன்றிரவு சாப்பாட்டு ஜெபத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

இரண்டு வாரத்தில் ஆபரேஷன், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள்.

"ஒரு கண்ணு போனா போகட்டும்" என்றாள். இத்தனை நாள் தைரியம் அவளுடைய இலாகாவாக இருந்தது. இப்போது அது கைமாறி, அந்த வேலைக்குக் கொஞ்சமும் தகுதியில்லாத ஒருவரிடம் வந்துசேர்ந்தது. "பாத்துக்கலாம்" என்றார் தோமா. அவர் குரலை அவரே நம்பவில்லை.

எதிர்வீட்டுக்காரர் தினமும் மாலையில் வந்து சளி எடுக்கப் பழகினார். ஜெபம் கேட்கப்பட்டதால்தான் அவர் அன்று வீட்டில் இருந்தார் என்று டீச்சர் சொன்னபோது, "நான் தினமும் பகல்ல வீட்லதாம்மா இருக்கேன். உங்க ஆளுங்க யாரும் எதுத்த கதவத் தட்டிப் பாத்ததில்ல, அவ்வளவுதான்" என்றார். டீச்சரும் பகலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எனக் கட்டிலருகே வந்து உட்காரத் தொடங்கினார். ஒருவர் வந்து நாற்காலியில் உட்காராமல் மற்றவர் எழுந்திருப்பதில்லை. ஒருவரையொருவர் அவர்கள் துளியும் நம்பவில்லை என்பதில் தோமாவுக்குக் கொஞ்சம் நிம்மதி.

தோமா சம்பளமில்லாத லீவு போட்டு மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, இரவுக்கு வீடு திரும்புவதாக ஏற்பாடு. ஆபரேஷன் அன்று காலை எதிர்வீட்டுக்காரர் கால்மணி முன்னதாகவே வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நான்கு படி இறங்கி, நின்றார்கள். உள்ளே இயந்திரம் மூச்சை ஏற்றியது, இறக்கியது. இன்னும் ஒரு மூச்சு கேட்டுவிட்டுப் போகலாம் என்று அவள் கையைக் காட்டினாள். இன்னும் ஒன்று. கீழே பஸ் வந்து நின்று போனது. இருவரும் ஜெபிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. எதிர்வீட்டுக்காரர் தலையை மட்டும் நீட்டினார்.

"போறீங்களா இல்லியா? மேனேஜர் கேக்கச் சொல்றாங்க."

அவள் கைப்பிடியைப் பற்றி அடுத்த படியில் கால் வைத்தாள். தோமா ஒரு படி முன்னால் இறங்கினார், பின்பக்கமாக, கதவைப் பார்த்தபடி.