ஊர்ப் பெயர் வரும் பாட்டு

அன்றைக்கு மேடையில் இருந்தவர்கள்: கீபோர்டில் மாஸ்டர், தாளத்துக்கு ரிதம் பேடில் ஒரு தம்பி, கித்தாரில் அந்தத் தம்பியின் மாமா, பாடுவதற்கு அண்ணனும் நானும். மேடைக்குக் கீழே மிக்ஸர் பெட்டியோடு எங்கள் வேன் டிரைவர், சவுண்டும் அவர்தான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊர். வரவேண்டிய ஒருவர் மட்டும் வரவில்லை. எங்களைக் கூப்பிட்டிருந்த கிளப்பின் கஜாஞ்சி.

ஊர் வேலந்தாவளத்துக்கும் எலப்புள்ளிக்கும் நடுவில், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லைப் பக்கம் இருக்கிறது. பெயரை எழுத மாட்டேன். பாக்கி வைத்த ஊர் என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தப் பழி என்மேல் வந்துவிடும் என்று பயம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். மைக்கில் கரண்ட் அடிக்குமோ, வேன் பாதி வழியில் நிற்குமோ, இரண்டாவது சரணம் மறந்துபோகுமோ. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மலையாளப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்துதான் பாடுவேன். யாராவது ஒரு மலையாள வாத்தியார் கூட்டத்திலிருந்து எழுந்து உச்சரிப்பைத் திருத்துவார் என்று முதல் பாட்டு முடியும்வரை கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் எழுந்ததில்லை. நான் பார்ப்பதை விட்டதுமில்லை.

நான் பாட வந்த புதிதில் எங்கள் பக்கம் பாட்டுக் கச்சேரி ட்ரூப்புகளுக்குக் குறைவே இல்லை. எங்களுக்கு ஒத்திகை ஒரு ரைஸ் மில்லின் மாடியில். கீழே மெஷின் ஓடினால் மாடியே ஒரு சுருதியில் அதிரும். மாஸ்டர் சில நாள் அந்தச் சுருதியிலேயே பாட்டைத் தொடங்கிவிடுவார். ஒரு ட்ரூப்பின் பேட்காரருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொரு ட்ரூப்பிலிருந்து ஆள் வரும், சட்டையைக்கூட இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு. மேடையில் ஒரு தமிழ்ப் பாட்டு, அடுத்தது மலையாளம், மறுபடி தமிழ். ஒரே பாஷையில் இரண்டு பாட்டு அடுத்தடுத்து வந்துவிட்டால் கூட்டத்தில் மற்றப் பாதி விசிலடிக்கும். ஒருமுறை யாரோ கத்தினார்: “ஏனுங்க மாஸ்டரு, நாங்கெல்லாம் பிரிவு குடுக்கலீங்களா?” பிரிவு என்றால் எங்கள் பக்கம் நன்கொடை.

கடைசிப் பாட்டுதான் எங்கள் ட்ரூப்பின் முத்திரை. மாஸ்டரே மெட்டுப் போட்டது. ஒரு சரணம் தமிழ், அது அண்ணனுக்கு. ஒரு சரணம் மலையாளம், அது எனக்கு. முடிகிற இடத்தில், எந்த ஊரில் பாடுகிறோமோ அந்த ஊரின் பெயரை அண்ணன் நீட்டிப் பாடுவார். சின்னப் பெயர் என்றால் ஒரு சுழற்றுச் சுழற்றி இறக்குவார். நீளமான பெயர் என்றால் ஒரே மூச்சில் கொண்டுபோக வேண்டும். தங்கள் ஊர்ப் பெயரைப் பாட்டில் கேட்பதற்காகவே சனம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் மாஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாக்கிப் பணம் கைக்கு வந்த பிறகுதான் அந்தப் பாட்டு. எத்தனை பெரிய கமிட்டி என்றாலும் அதில் மாற்றமில்லை. “ஊரு பேரு நம்ம பொட்டிக்குள்ள இருக்குதுங்க, சாவி உங்க கைல இருக்குது” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பணம் வந்துவிடும்.

அன்றைக்கு ஓணத்தை ஒட்டிய கிளப் வார்ஷிகம், அதாவது ஆண்டு விழா. மதியம் உறியடி முடிந்ததும் எங்கள் கச்சேரி. ஆறு மணிக்கு மேல் டிஜே. காலையில் வேனின் பின்சீட்டில் அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவர் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் லாரி ஓட்டுபவர். எனக்குச் சொந்தமில்லை, ஆனால் மேடையில் ஏறிய நாளிலிருந்து என் பக்கத்து மைக் அவருடையது.

“அம்மிணி, தொண்டையில முடிச்சு இருக்குதாமா. புதன்கிழமை கோயமுத்தூர்ல ஆபரேசன். பேச்சு வந்துரும், பாட்டுக்கு நான் பொறுப்பில்லைன்னுட்டாரு டாக்டரு.”

“அப்பறம் ஏனுங்கண்ணா இன்னைக்கு வந்தீங்க?”

“கடைசிப் பாட்டு ஒண்ணு பாடிப் போடறன். அது போதும். மாஸ்டர்கிட்ட சொல்லீராத, மேடையேத்த மாட்டாரு.”

“மத்த பாட்டெல்லாம்?”

“மத்ததுக்கு நீ இருக்கறயல்லொ.”

அன்று மதியம் முழுக்க நான் அவர் குரலுக்குக் காவல் இருந்தேன். கோடையில் தொட்டித் தண்ணீரை எட்டி எட்டிப் பார்ப்பதுபோல, அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்தேன். அவர் வரி வருவதற்கு முன்னால் நான் முந்திக்கொள்வேன். ஜோடிப் பாட்டில் ஆண் குரலுக்கு உரிய வரிகளையும் நானே பாடினேன். பேட் தம்பி குனிந்து கேட்டான்: “ஏனுங்கக்கா, இன்னைக்கு மாப்பிள்ளையும் நீங்களே, பொண்ணும் நீங்களேங்களா?” கூட்டத்திலிருந்து ஒருவர், “அண்ணன் வாய்ல என்ன, கொழுக்கட்டையா?” என்றார். அண்ணன் சிரித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தபோது கவனித்தேன், “போதும்” என்ற சொல்லே கரகரத்துத்தான் வந்தது.

கடைசிப் பாட்டுக்கு நேரமாயிற்று. கிளப் செக்ரட்டரி மேடையோரம் வந்து தலையைச் சொறிந்தார்.

“மாஸ்டரே, பைசா எடுக்கக் கஜாஞ்சி பேங்குக்குப் போயிருக்காருங்க.”

“ஓணத்துக்கு எந்த பேங்குங்க தொறந்திருக்குது?”

“பேங்கில்லீங்க, ஏடிஎம். இங்க மெசின்ல காசில்லைன்னு வாளையாறு வரைக்கும் போயிட்டாராமா. இப்ப வந்துருவாருங்க.”

“டிஜேக்குக் குடுத்தாச்சுங்களா?”

“அவிய முன்னாடியே வாங்கிட்டாங்க.”

மாஸ்டர் கோபப்படவில்லை. “சரிங்க, வரட்டும். அதுவரைக்கும் ரெண்டு பாட்டுப் போகட்டும்” என்றார். எந்தப் பாட்டு என்று கூட்டத்தைக் கேட்டார். உச்சஸ்தாயியில் போகிற ஒரு குத்துப் பாட்டைக் கேட்டார்கள். அது அண்ணனுடைய பாட்டு. மாஸ்டர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணன் மைக்கைக் கையில் எடுத்துவிட்டார்.

அதைப் பாடினால் அவ்வளவுதான். ஊர்ப் பெயருக்குக் குரல் இருக்காது. சொல்லாதே என்றவரின் பேச்சைக் காப்பாற்றுவதா, அவர் குரலைக் காப்பாற்றுவதா என்று யோசிக்க நேரமில்லை. மாஸ்டரின் காதருகே குனிந்தேன்.

“மாஸ்டர், அண்ணனுக்கு இன்னும் ஒரே பாட்டுக்குத்தானுங்க தொண்டை இருக்குது. புதன்கிழமை ஆபரேசன். அதுக்கப்பறம் பாட்டு வருமோ வராதோங்க.”

அவர் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றன. அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எங்களைப் பார்க்காமல் மைதானத்துக்கு அப்பால் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதுதான் எல்லாப் பாட்டையும் நீயே முழுங்குனயா?” என்றார் மாஸ்டர் என்னிடம். பிறகு கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். கடைசிப் பாட்டின் தொடக்கம் புல்லாங்குழல் ஓசையாக வந்தது.

கித்தார் மாமா திடுக்கிட்டார். “மாஸ்டரு, பைசா வரலீங்களே?”

“வாசிங்க.”

செக்ரட்டரியே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

என் மலையாளச் சரணத்தை எப்படிப் பாடினேன் என்று நினைவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தமிழ்ச் சரணத்தைத் தாழ்வாகத் தொடங்கினார். குரல் முழுதாக இல்லை. ஓரம் கிழிந்த துணிபோல இருந்தது. ஆனால் சுருதி விலகவில்லை. பெயர் வரப்போகிறது என்று தெரிந்து நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். நீளமான பெயர். அண்ணன் மூச்சை இழுத்துத் தொடங்கினார். பாதியில் குரல் நின்றது.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோய்விட்டேன். ஆனால் அவர் கையை நீட்டி என்னைத் தடுத்தார். மாஸ்டர் பாட்டை விட்டுவிடாமல் அந்த ஒரு சுரத்தையே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணன் இன்னொரு மூச்சு எடுத்து, பெயரை முதலிலிருந்து தொடங்கி, கடைசி எழுத்துவரை கொண்டுபோய் இறக்கி வைத்தார்.

தங்கள் பெயர் இரண்டு முறை வந்ததை ஊர் தனி மரியாதை என்று நினைத்துக்கொண்டது. விசில் நிற்கவே இல்லை. “பக்கத்தூருக்கெல்லாம் ஒருக்காதான பாடுனாங்க!” என்று ஒரு பெரியவர் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

நாங்கள் வயர்களைச் சுருட்டி வேனில் ஏற்றும்வரை கஜாஞ்சி வரவில்லை. வேனில் மாஸ்டர் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்கால்மேல் கை வைத்தபடியே வந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணன் இப்போது பேசுகிறார், மெல்லிய குரலில், லாரி ஓட்டுகிறார். பாட்டு திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகளுக்கு எங்களோடு வந்து மிக்ஸர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். தமிழ்ச் சரணம் இப்போது பேட் தம்பிக்கு. “ஊரு பேர அவசரமா முழுங்கறான் அம்மிணி, பஸ்ஸு போயிரும்னு பயந்தவனாட்ட” என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் புகார்.

பாக்கியைப் போய்க் கேட்கலாமா என்று கித்தார் மாமா ஒருநாள் மாஸ்டரிடம் கேட்டார். “ரெண்டு தடவை பேரு பாடியிருக்குது. அதுக்கு என்ன ரேட்டுங்க போடறது? விடுங்க” என்றார் மாஸ்டர். மற்ற ஊர்களில் பழைய வழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

வேலந்தாவளம் சந்தையில் அந்தச் செக்ரட்டரி என்னைக் கண்டால் இன்றும் மாட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறார். கேட்க மாட்டோம் என்று கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். சொன்னால் நிஜமாகவே தராமல் போய்விடுவாரோ என்று அதற்கும் பயமாக இருக்கிறது. வேனுக்கு டயர் மாற்ற வேண்டும்.

பாக்கி ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.