வாயை வீட்டில் வைத்துவிட்டு

கையுறை மாட்டும்போதே பேச்சு தொடங்கிவிடும். "என்னடா குட்டி, ராத்திரி நல்லாத் தூங்கினியா? அட, நீ ராத்திரி தூங்க மாட்டியே!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தபடி, ஆந்தைக்குஞ்சின் வாயில் எலிக்கறித் துண்டை வைப்பார் பார்லர் அக்கா.

அடிபட்ட காட்டுயிர்களைத் தேற்றி மறுபடி காட்டில் விடுகிற அந்த மையத்தில் எல்லோருக்கும் அவர் பார்லர் அக்காதான். மற்ற நாளெல்லாம் பெண்களுக்குப் புருவம் திருத்துகிறார். கடைக்கு விடுமுறையான செவ்வாயன்று இங்கே சம்பளமில்லாத வேலை. இடுக்கி பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாய்தான் தொல்லை. கால் முறிந்த கழுகிடம்கூட, "தலையைக் கொஞ்சம் சாய்ங்க" என்பார். முள்ளம்பன்றியைப் பார்த்தால், "இந்த முடியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது!" என்று அங்கலாய்ப்பார்.

குஞ்சுகளிடம் பேசக்கூடாது என்று கால்நடை மருத்துவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். ஒருநாள் அக்காவைக் கூண்டுக்கு வெளியே நிறுத்தி, "ஏதாவது பேசுங்க" என்றார்.

"சாப்பிட்டாச்சா?" என்றார் அக்கா. குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு கதவுக்கு ஓடிவந்தது.

"பார்த்தீங்களா? மனுஷக் குரல்னா சாப்பாடுன்னு நினைக்குது. வெளிய விட்டா யார் வீட்டு ஜன்னல்லயாவது போய் நிக்கும், கல்லால அடிப்பாங்க. இது மாறலைன்னா ஆயுசுக்கும் கூண்டுதான்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "அப்ப நான் வரலை டாக்டர்."

"வாங்க. வாயை மட்டும் வீட்ல வச்சிட்டு வாங்க."

அடுத்த செவ்வாய், கன்னம் புடைக்கப் புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொண்டு வந்தார். திரைத்துணிக்குப் பின்னால் மறைந்து, இடுக்கியை மட்டும் உள்ளே நீட்டினார். விழுங்கிய பேச்செல்லாம் மாலையில் கணவர் தலையில் விடிந்தது. "செவ்வாய்க்கிழமைதான் என் காதுக்கு லீவு. இப்ப அதுவும் போச்சு" என்று அவர் மையத்துக்கே போன் செய்து புலம்பினார்.

மெல்ல மெல்லக் குஞ்சு மாறியது. ஆள் அரவம் கேட்டால் உடலை உப்பிக்கொண்டு சீறியது. கூண்டைச் சுத்தம் செய்யப்போன அக்காவின் விரலை ஒருநாள் பதம் பார்த்தேவிட்டது. "கடிச்சிடுச்சு! என்னையே கடிச்சிடுச்சு!" புது மோதிரத்தைக் காட்டுவதுபோல் அந்த விரலை எல்லோரிடமும் காட்டிவந்தார்.

குஞ்சு வளர்ந்து சிறகு முற்றியபின் ஒரு செவ்வாயன்று, காட்டோரத்தில் அந்தி சாயும் நேரம் பெட்டியைத் திறந்தார்கள். ஆந்தை தயங்கி நின்றது. அக்கா உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். சட்டென்று ஆந்தை எழும்பி, சத்தமேயில்லாமல் மரங்களுக்குள் போய் மறைந்தது.

"திரும்பிக்கூடப் பார்க்கலை!" என்றார் மருத்துவர் மகிழ்ச்சியோடு.

"என் வளர்ப்பாச்சே" என்றார் அக்கா.

ஜீப்பில் ஏறியதும் காலிப் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டார்.