வீட்டுப்பெயர்க் கட்டம்

கேரளத்துப் பாலா டவுனில் ஒருத்தர் செத்தால் முதலில் மாதாகோவில் மணி அடிக்கும். அடுத்த அரைமணியில் பின்ஸி பார்த்துக்கொள்ளும் அஞ்சலி இணையதளத்தில் அவர் படம் வந்துவிடும். அதற்குக் கீழே ஊரே வந்து அஞ்சலி எழுதும், குவைத்தில் இருப்பவர்கள்கூட விடமாட்டார்கள். பதினோரு வருஷமாக அந்தத் தளத்தை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருப்பவள் பின்ஸி. புருஷன் ரோய் அயர்லாந்தில் நர்ஸ். அவளுக்கும் அங்கே வேலை கிடைத்து, விசா வந்து, இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. இங்கே வேலையிலிருந்து விடுவித்த கடிதம் ஒன்றுதான் பாக்கி. அது இல்லாவிட்டால் அங்கே வேலை இல்லை.

கையெழுத்துப் போட வேண்டிய, தளத்தின் முதலாளி குஞ்ஞுமோன் ரொம்ப நல்லவர். அதுதான் தொல்லையே. திட்டினால் திருப்பித் திட்டலாம், இவர் பழம்பொரி தட்டை, அதுதான் வாழைப்பழ பஜ்ஜியை, முன்னால் தள்ளுவார்.

"பழைய கமெண்ட் மென்பொருளை மாசக் கடைசியில நிறுத்தறாங்களாம். எல்லாத்தையும் புதுப் பதிப்புக்கு மாத்திட்டுப் போ மோளே. அன்னைக்கே கையெழுத்து."

மூன்றே நாளில் மாற்றிவிட்டாள். நாற்பத்தோராயிரம் அஞ்சலி, ஒன்றுகூடத் தவறவில்லை. ரோய்க்குக் கொண்டுபோக மீன் ஊறுகாயைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது பரணங்கானத்திலிருந்து சோசம்மா என்றொரு அம்மா போன் செய்தார். அண்ணன் எழுதின அஞ்சலிக்குப் பக்கத்தில் யாரோ மீசைக்காரன் படம் நிற்கிறதாம்.

பின்ஸி திறந்து பார்த்தாள், பக்கத்துக்குப் பக்கம் அதே மீசைக்காரன். இந்த ஊரில் பேரை மட்டும் சொன்னால் யாருக்கும் ஆளைத் தெரியாது, எந்த வீடு என்றுதான் கேட்பார்கள். அதனால் பழையதில் பேருக்குப் பக்கத்தில் வீட்டுப்பெயருக்கு ஒரு கட்டம் வைத்திருந்தாள். புதுசு அந்தக் கட்டத்தையே தூக்கி எறிந்துவிட்டு, ஒரே பேர் என்றால் ஒரே ஆள் என்று முடிவு கட்டியிருந்தது. சுற்றுவட்டாரத்துத் தோமாச்சன்கள் நூற்றுத் தொண்ணூறு பேரும் ஒரே தோமாச்சன் ஆகிவிட்டார்கள். மனுஷன் எண்ணூறு சாவுக்கு அழுதிருந்தார். தன் சாவுக்கும் வந்து, 'அருமைத் தோமாச்சா, பரலோகத்தில் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தார்.

ரோயிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "விட்டுட்டு வாடீ. செத்தவங்க எழுந்து வந்தா கேக்கப்போறாங்க?"

விட்டிருப்பாள். ஆனால் செத்துப்போன தன் அப்பாவின் அஞ்சலிப் பக்கத்தையும் திறந்து பார்த்துத் தொலைத்தாள். அப்பாவோடு பதினாறு வருஷம் பேசாமல் இருந்த பெரியப்பா தோமாச்சன் அங்கே ஒரே வரி எழுதியிருந்தார்: 'தம்பி, தப்பு என்னுது.' அம்மா ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து அதைத் திறந்து படிப்பாள். இப்போது அந்த வரிக்கு மேலே மீசைக்காரன்.

பின்ஸி உட்கார்ந்துவிட்டாள். புதுப் பதிப்பில் கட்டம் சேர்க்க வழியே வைக்கவில்லை. அதன் வயிற்றைக் கிழித்து, சொந்தமாக எழுதி உள்ளே வைத்துத் தைத்தாள். ஒன்பது நாள். தோமாச்சன்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இருபத்தைந்தாம் தேதி குஞ்ஞுமோன் தன் அம்மாவின் பக்கத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொறுப்பை வாங்கிக்கொள்ள எர்ணாகுளத்திலிருந்து வந்த ஆள் அவள் தைத்து வைத்ததை ஒரு மணிநேரம் பார்த்தான்.

"இதைத் தொட எனக்குத் தைரியமில்ல சார். இவங்க என்ன பண்ணியிருக்காங்கன்னு இவங்களுக்குத்தான் தெரியும். பதிப்பு மாறும்போதெல்லாம் இவங்களேதான் தைக்கணும்."

குஞ்ஞுமோன் அடித்து வைத்திருந்த கடிதத்தை மேஜை டிராயருக்குள் போட்டார். பழம்பொரி தட்டு முன்னால் வந்தது.

"ஓணம் முடிஞ்சதும் அடுத்த பதிப்பாம். அதை மட்டும் முடிச்சுக் குடுத்துடு மோளே."

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது? பூட்டைச் செய்தவள் அவள்தானே.

வீட்டுக்குப் போனபோது அம்மா போனும் கையுமாக வாசலிலேயே நின்றாள். "பெரியப்பா பேரு சரியா வந்துடுச்சுடீ. வீட்டுப்பேரோட." அம்மா இவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்து நாளாயிற்று. பின்ஸி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். மீன் ஊறுகாயை எடுத்து வந்து அம்மா கையில் கொடுத்தாள்.