தீர்த்த பாட்டிலில் எண்ணூர்த் தண்ணீர்

"கடைசி தேதி முடிஞ்சிடுச்சும்மா." சென்ற தவக்காலம் முழுவதும் என் மகள் ஜெனிஃபர் போனைப் பார்த்துச் சொன்னது இதுதான்.

நான் ராயபுரத்தில் இருக்கிறேன். காசிமேட்டில் மீன் விற்கிறேன். ஜெனிஃபர் பிளஸ் ஒன். என் தம்பிக்கு எண்ணூர் கழிமுகத்தில் நண்டு பிடிக்கும் தொழில். நண்டு குறைந்துபோச்சு என்று அவன் ஒருநாள் புலம்பினான். அன்றிலிருந்து இவளுக்குப் பைத்தியம் பிடித்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவாள். கழிமுகத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து, என்ன நிறம், என்ன நாற்றம், நண்டு எத்தனை என்று நோட்டில் எழுதுவாள். இரண்டு வருஷமாக இதே வேலை. தண்ணீரைச் சோதித்துப் பார்க்க அவள் பள்ளியில் கருவி கிடையாது.

பள்ளிப் பிள்ளைகளை லீவில் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டாம். தேடித் தேடி ஓய்ந்துபோனாள். ஓரிடத்தில் நாங்கள் நினைத்தே பார்க்க முடியாத கட்டணம். இன்னொன்று கல்லூரிக்காரர்களுக்கு மட்டும். எட்டாவதோடு நின்றவள் நான். மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை கண் வைத்துப் பார்க்க ஏங்கியவள். அந்த ஏக்கம் இவளுக்கும் வேண்டாம் என்றிருந்தது.

சனிக்கிழமை நவநாள் ஜெபத்தில் மாதாவிடம் சண்டையே போட்டேன். "தாயே, புள்ள இப்டி ஏங்கிகினு கீது. நீ பாத்துகினு சும்மா கீறியே!"

அடுத்த வாரமே ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம் கண்ணில் பட்டது. தங்கிப் படிக்க இலவசம். விண்ணப்பத்தோடு அவளைப் பற்றி ஒரு கடிதம் மட்டும் இணைக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். அவளுக்குப் பரீட்சை. "யம்மா, என்னைத் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்பிடு" என்று போய்விட்டாள்.

கடிதம் என்றால் எங்கள் பக்கம் பங்குத் தந்தை கடிதம்தான். பள்ளியில் சேர்க்க, வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். ஃபாதர் ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஜெராக்ஸ் கடைத் தம்பி அனுப்பிவிட்டான்.

மறுநாள்தான் அவளிடம் சொன்னேன். அதற்குள் தேதி முடிந்திருந்தது. "இன்னாம்மா பண்ணிகீற? சயின்ஸ் டீச்சர்கிட்ட வாங்குவேன்னு பாத்தா ஃபாதர்கிட்ட வாங்கிகீறியே!" பிள்ளை சாப்பிடவே இல்லை. நான் ஜெபமாலையோடு முழங்காலில் விழுந்தேன். தப்பு என்னுடையது, அவளைத் தண்டிக்காதே என்று அழுதேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் காலை, மார்க்கெட்டில் இருந்தபோது போன் வந்தது. அந்த நிலையத்து அம்மா. "எல்லார் கடிதத்துலயும் மார்க்குதான் இருந்தது. உங்க ஃபாதர் மட்டும் வேற மாதிரி எழுதியிருக்கார். வாராவாரம் கோயில்ல காலி தீர்த்த பாட்டில் கேட்டு நிப்பாளாமே? முதல்ல திட்டினாராம். அப்புறம் நோட்டைப் பார்த்தாராம். அந்த நோட்டு நிஜமாவே இருக்கா?"

"கீதும்மா, கீது! ரெண்டு நோட்டு கீது!" என்று கத்திவிட்டேன். மீன் கூடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவளை எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் பிள்ளை எதற்கு ஏங்கினாலும் மாதாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சண்டை போட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். நம் தப்பையும் எடுத்து நல்லதாக்கித் தருவாள்.

இப்போது லீவு. ஜெனிஃபர் அந்த நிலையத்தில் தங்கியிருக்கிறாள். பூசையில் என் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் கண் கலங்குகிறது. பூசை முடிந்ததும் காலி பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு எண்ணூர் பஸ்ஸில் நான் ஏறுகிறேன். போன ஞாயிறு என் கோணல் எழுத்தில் எழுதினேன்: தண்ணீர் சாம்பல் நிறம், நண்டு இரண்டு. அவள் திரும்பி வந்து பார்க்கும்போது நோட்டில் ஒரு வாரம்கூட விட்டுப்போயிருக்கக் கூடாது.