சோபாக்காவும் சுவரேறி வரும் சம்பந்தியும்

சோபா தைக்கிறவர்களுக்குப் பாதி வேலை கொடுப்பது பூனைகள்தான். நகம் பட்டுக் கிழிந்த கைப்பிடி, படுத்துப் படுத்துப் பள்ளமான மெத்தை என்று வாரத்துக்கு இரண்டாவது வந்துவிடும். அதனால் சோபா தைப்பதே தொழிலான சோபாக்காவே ஒரு பூனை வளர்க்கிறார் என்று தெரிந்ததும் புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "வேலை கம்மியானா வீடு வீடா அனுப்பி வைப்பீங்களாக்கா?" என்று கேட்ட தைரியசாலிகளும் உண்டு.

நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அவருடைய பட்டறை. முன்கதவைத் திறந்தால் தெரு, பின்கதவைத் திறந்தால் முற்றம். முற்றத்தின் கடைசியில் ஆள் உயரச் சுவர். சுவருக்கு அப்பால் ரயில் பாதையோரச் சரிவு, முழுக்கப் புதர். அந்தப் புதரில் நரிகள் குடியிருந்தன. ரயில் சத்தத்தைச் சகித்துக்கொண்டு இத்தனை வருடம் அங்கே இருப்பவர்கள், மேல்மாடிக்காரர்களைவிடப் பழைய குடித்தனக்காரர்கள் என்பார் அக்கா.

பத்தொன்பது வயதில் ஒரு பெரிய சோபாக் கடையில் பிசிறு கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவர் அக்கா. "பொம்பளைங்க மிஷின்ல உக்காந்து தைக்கலாம், உள்ள திணிக்கிற வேலை ஆம்பளை வேலை" என்பது முதலாளியின் கொள்கை. அக்கா எதிர்த்துப் பேசவில்லை. பெருக்குகிறபோது கையில் அகப்பட்டதையெல்லாம் விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தார். பஞ்சு, தேங்காய் நார், வைக்கோல், குதிரை முடி, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் புதுக் குதிரை முடி என்று வந்து இறங்கிய மூட்டையில் கையை விட்டு, "இதுல பாதி நார் கலந்திருக்கு" என்றார். மூட்டையைக் கொட்டிப் பார்த்தால் அப்படியே இருந்தது. மறுநாள் முதலாளி துடைப்பத்தை வாங்கிக்கொண்டு சுத்தியலைக் கொடுத்தார். இந்தப் பட்டறையை அக்கா சொந்தமாகத் திறந்தே முப்பத்தோரு வருடமாகிறது.

பூனையின் பெயர் மேஸ்திரி. செம்பட்டை நிறம், பாதி வால். மீதி வால் எங்கே போனது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வேலையும் செய்யாமல், நடக்கிற வேலையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதால் அக்காவின் வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. அவர் பஸ் ஓட்டுகிறவர். தன் பின்னால் உட்கார்ந்து ஓட்டத் தெரியாமலே ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர்களைத் தினமும் பார்த்துப் பழகியவர்.

மேஸ்திரிக்கும் நரிக்கும் முதல் சந்திப்பு போன வருடம் நடந்தது. அக்கா முற்றத்தில் மீன் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினால் சுவர்மேல் ஒரு பெண் நரி. குதித்து இறங்கி நேராகத் தட்டுக்கு வந்தது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேஸ்திரி எழுந்திருக்கக்கூட இல்லை. மூக்கு பக்கத்தில் வருகிறவரை விட்டு, முன்னங்காலைத் தூக்கி ஒரே ஒரு அறை. நரி பின்னால் போய் உட்கார்ந்தது, தும்மியது, கொஞ்சம் யோசித்தது, வந்த வழியே ஏறிப் போய்விட்டது.

"ஒரே அறைங்க! எழுந்திருக்கவே இல்ல!" என்று அக்கா ஒரு மாதம் தெரு முழுக்கச் சொன்னார். வீட்டுக்காரருக்கு மட்டும் பதினாறு தடவை.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு நரி சுவர்மேல் வந்து உட்காரும். மேஸ்திரி கீழே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருப்பான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி வேறெங்கோ பார்ப்பார்கள், கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி. அதனால் நரிக்கு அக்கா வைத்த பெயர் சம்பந்தியம்மா. "நரி முகத்துல முழிச்சா அதிர்ஷ்டம்னு சொல்வாங்க. எனக்கு முழிக்கறது வீட்டுக்காரர் முகத்துல, கடை சாத்தறதுதான் நரி முகத்துல" என்பார். இந்த வருடம் சம்பந்தியம்மாவுக்கு நான்கு குட்டிகள். சுவர்மேல் காது காதாகத் தெரியும்.

மூன்றாம் மாடியில் கணக்கு டீச்சர் இருந்தார். அவருடைய மாமியார் காலத்து சோபா, உள்ளே சாம்பல் நிறத்தில் அசல் குதிரை முடி. அதைப் பாழாக்கியது டீச்சரின் சாம்பல் நிறப் பூனை மகாராணி. திங்கட்கிழமை சோபா கீழே வந்தது. பழைய திணிப்பைப் பிடுங்கிச் சாக்கில் போட்டு முற்றத்தில் வைத்தார் அக்கா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்து மேல்துணி மாதிரிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனார். அப்போது சோபா கால்களை மேலே நீட்டிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தது. அன்றைய வேலையில் அடியில் கித்தான் துணி போட்டு மூடுவதுதான் பாக்கி.

மூடுவதற்கு முன்னால் அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோள்வரை கையை உள்ளே விட்டு, ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலும் கைப்பிடிக் கூட்டுக்குள்ளும் மூலைமூலையாகத் துழாவுவார். சீப்பு, ஸ்பூன், ஒற்றைத் தோடு, எது கிடைத்தாலும் பையில் போட்டு உரியவரிடம் கொடுப்பார். அன்றைக்கும் துழாவினார். ஒரு பென்சில் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து முற்றத்தில் ஒரே சீறல்.

ஓடிப் போய்ப் பார்த்தால், சம்பந்தியம்மா இறங்கிவந்து மேஸ்திரி உட்கார்ந்திருந்த சாக்கின் வாயைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. குட்டிகளுக்கு மெத்தென்று படுக்கை வேண்டுமே! மேஸ்திரி முதுகை வில்லாக்கி நின்றான். அடி விழுந்தது. நரி சுற்றி வந்தது. மறுபடி அடி. கடைசியில் நரி வாய் நிறைய முடியைக் கவ்விக்கொண்டு சுவர் தாண்டியது. மூட்டை மேஸ்திரியிடமே நின்றது. பத்து நிமிடம் இந்தக் கூத்தைப் பார்த்து உச்சி குளிர்ந்துபோன அக்கா, வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். துழாவியாயிற்று என்ற நினைப்பில் கித்தானை விரித்தார். மற்றவர்கள் மாதிரி ஸ்டேப்ளர் அடிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கோணி ஊசியும் மெழுகு நூலும் கொண்டு சுற்றிலும் தைத்து முடித்து, சோபாவை நிமிர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை பட்டறை திறக்கவில்லை. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் நாற்காலி வேலை, நாள் முழுக்க அங்கேயே. வீட்டுக்காரர்தான் வந்து பின்சுவரோரம் மேஸ்திரிக்குத் தட்டு வைத்துவிட்டு, பின்கதவில் பூனைக்கென்று வெட்டிய சின்ன வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலையில் வந்தால் முற்றத்தில் கூட்டம். நகராட்சி ஆள் ஒருவர் கூண்டோடும் புகை போடுகிற குழாயோடும் நின்றுகொண்டிருந்தார். டீச்சர் படியில் உட்கார்ந்திருந்தார், முகம் வீங்கியிருந்தது. கட்டடச் சங்கத்துச் செகரெட்டரி ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கொத்து முடி.

"பாருங்கம்மா, மகாராணியோட முடி. நரிப் பொந்து வாசல்ல கெடந்தது. நேத்தே போன் போட்டுட்டேன்" என்றார்.

"செவ்வாய்க்கிழமை உங்ககிட்ட துணி பாக்க வந்தேன்லக்கா, கதவ சரியா சாத்தாம வந்துட்டேன். அப்பறம் அவளக் காணவே காணோம்" என்று டீச்சர் மறுபடி அழ ஆரம்பித்தார்.

அக்கா பையை வாங்கி, முடியை எடுத்து விரலில் ஒரு உருட்டு உருட்டினார். "இது பூனை முடி இல்ல. குதிரை முடி. டீச்சர் சோபாவுல இருந்தது. செவ்வாய்க்கிழமை என் கண்ணு முன்னாடிதான் நரி அள்ளிட்டுப் போச்சு" என்றார். நகராட்சி ஆளின் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொன்னார். விட்டதும் அது சுருண்டு மேலே எழும்பியது. "பூனை முடி இப்படி எழும்புமா? முறுக்கி, அவிச்சு, சுருளாக்கின முடிங்க இது."

"சரி, அப்ப பூனை எங்க?" என்று கேட்டார் செகரெட்டரி.

அக்கா முடியைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டார்.

"எனக்கு எழுதிக் குடுத்தது நரி பூனைய தின்னுடுச்சுன்னு. பூனை வந்துட்டா நான் கெளம்பிடுவேன். இல்லன்னா பொந்துக்குப் புகை போட்டாகணும்" என்றார் நகராட்சி ஆள்.

"குட்டிங்க இருக்கே?" என்றார் அக்கா.

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "குட்டிங்களும்தான்."

ஒத்துப் பார்க்க சோபாச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற முடியையும் கொண்டு வருகிறேன், ஒரு நிமிஷம் இருங்கள் என்று அக்கா பட்டறைக்குள் போனார். அங்கே டீச்சரின் சோபாவுக்கு அடியில் மேஸ்திரி மல்லாந்து கிடந்தான். ஒரு காலைத் தூக்கிக் கித்தானை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். கித்தான் ஓரிடத்தில் தொங்கலாக இருந்தது. அக்கா குனிந்து அங்கே கையை வைத்தார். கதகதவென்று இருந்தது. அசைந்தது.

தன் பூனையின் பெருமையைப் பார்க்க ஓடிய அந்தப் பத்து நிமிடத்தில், தன் வீட்டு வாசனை அடிக்கிற சோபாவுக்குள் மகாராணி புகுந்திருக்கிறாள். அக்காவே அவளை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்.

கதவைச் சாத்திவிட்டு, ஓரத்தில் நாலு தையலைப் பிரித்தால் போதும். பூனையைத் தூக்கிக்கொண்டு போய், 'துணிக் கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தா' என்று சொல்லிவிடலாம். நரியும் பிழைக்கும், முப்பத்தோரு வருடப் பெயரும் பிழைக்கும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அக்கா கத்தரிக்கோலைக் கையில்கூட எடுத்துவிட்டார். ஆனால் ஒன்றரை நாளாகத் தண்ணீர்கூட இல்லாமல் கிடந்த பூனையை இனிமேல் ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம், எங்கே கிடந்தது என்று அவர் கேட்பார். டீச்சர் பொய்யைத்தான் சொல்லுவார், அது பொய் என்று தெரியாமலே.

அக்கா பின்கதவை அகலத் திறந்தார். "டீச்சர், உள்ள வாங்க. எல்லாரும் வாங்க. மகாராணி இங்க இருக்கா. நான்தான் பாக்காம உள்ள வெச்சுத் தைச்சுட்டேன்."

எல்லோரும் உள்ளே ஓடி வந்தார்கள். செகரெட்டரியும் நகராட்சி ஆளும் சேர்ந்து சோபாவைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார்கள்.

"கத்தியால கிழிங்கக்கா!" என்று டீச்சர் கத்தினார்.

"கத்தி வேணாம். துணிக்கு அந்தப் பக்கம் அவ வயிறு இருக்கு" என்று சொல்லிவிட்டு, சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டினார் அக்கா. தன் கைவேலைமேல் அவருக்கு வாழ்நாளில் வராத எரிச்சல் அன்றைக்கு வந்தது. ஒரு முழம் திறந்ததும் ஒரு சாம்பல் தலை வெளியே வந்தது. தும்மியது. கூடியிருந்த ஜனத்தை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மகாராணி இறங்கி, நேராக மேஸ்திரியின் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனாள். நரிக்கே விட்டுக்கொடுக்காத மேஸ்திரி நகர்ந்து இடம் விட்டான்.

டீச்சர் பூனையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினார். போகும்போது முன்கதவைப் படாரென்று அடித்துச் சாத்தினார்.

நகராட்சி ஆள் குழாயைச் சுருட்டினார். செகரெட்டரி தாளை எடுத்து, "புகாரை ரத்து பண்ண என்ன காரணம் எழுதறது?" என்று தயங்கினார்.

"நரி மேல தப்பில்ல, சோபாக்காரி மேலதான் தப்புன்னு எழுதுங்க சார். நானே கையெழுத்துப் போடறேன்" என்றார் அக்கா. போட்டும் கொடுத்தார்.

அன்று வேறு வேலை ஓடவில்லை. ஐந்தரைக்குச் சம்பந்தியம்மா குட்டிகளோடு சுவர்மேல் வந்து உட்கார்ந்தது. மேஸ்திரி மூட்டைமேல் ஏறி வேறெங்கோ பார்த்தான். அக்கா எட்டிப் பார்க்கவில்லை. இந்தத் தெருவில் இனி யார் தன்னிடம் ஒரு முக்காலியாவது கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது டீச்சர் கூடையில் மகாராணியோடு வந்து நின்றார்.

"டாக்டர் என்ன சொன்னாரு டீச்சர்?"

"தண்ணி ஏத்தினாங்க. நகம் ரெண்டு ஒடைஞ்சிருக்கு. வேற ஒண்ணும் இல்லையாம்."

டீச்சர் தொங்கிக்கொண்டிருந்த கித்தானைப் பிடித்து உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். முழுக்க நகக் கீறல். அக்காவால் பார்க்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க டீச்சர். நல்ல ஆளா பாத்து நானே இந்த சோபாவ எடுத்துட்டுப் போய்க் குடுத்துடறேன்."

"எதுக்கு வேற ஆளு?" டீச்சருக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. "உங்க மேல எனக்கு இன்னும் ஆத்திரம்தான். ஆனா இதப் பாருங்க. ஒரே வாரத்துல என் சோபாவ நார் நாரா கிழிச்சவ இவ. ஒண்ணரை நாள் உயிரக் குடுத்துக் கீறியிருக்கா, ஒரு தையல் விட்டிருக்கா? இவளுக்குத் தாங்கற மாதிரி வேற எவன் தைப்பான்? நீங்களே மூடுங்க. நான் இங்கயே உக்காந்து பாக்கறேன்."

சொன்னபடியே ஸ்டூலை இழுத்துப் போட்டு, கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா கோணி ஊசியை எடுத்தார். நூல் கோக்க மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றதால். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பெருமையாகவும் இருந்தது, சொந்தக் கடை திறந்த நாளில்கூட இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.