மச்சானின் ஏசி படகு

என் மச்சானுக்குத் தோல் நாற்றத்திலிருந்து தப்பிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். தாராவித் தோல் ஷாப்பில் வருஷக்கணக்காக உப்புத் தோல் அலசியவர். பஸ்ஸில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டு தானாகவே காலியாகும். அவர் பெண்டாட்டி, அதாவது என் ராத்தா, கூடப்பிறந்த அக்காள், குளிக்காமல் அவரைச் சோற்றுத் தட்டைத் தொடவிட மாட்டாள். ஒருநாள் மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இனி அந்த ஷாப்பு வாசலை மிதிச்சா என்னைச் செருப்பால அடிங்க" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, கையிருப்பை எல்லாம் போட்டு டிராம்பே கழிமுகத்தில் ஒரு பழைய மோட்டார் படகை வாங்கினார்.

படகின் நடுவே தகரக் கூரை போட்ட சின்ன கேபின். வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் ஆள் இட்லியாக வெந்துவிடுவான். அங்கே ஒரு தொழிற்சாலையில், ஆபீசர்களை அக்கரைக்கு அழைத்துப்போகப் படகு தேடினார்கள். மாட்டுங்காவில் குடியிருந்த தமிழ் ஆபீசர் ஒருவர் ஏறிப் பார்த்துச் சரி என்று சொன்னால் வேலை நிச்சயம்.

"மாப்ள, கேபினை ஏசி ஆக்கணும்" என்றார் மச்சான். நான் டிரங்குப் பெட்டி செய்கிற தகரப் பட்டறைக்காரன். அவருக்கு நான்தான் இஞ்சினியர்.

"ஏசியைக் கண்ணால பாத்திருக்கீரா மச்சான்?"

"சினிமாக் கொட்டாயில அனுபவிச்சிருக்கேம்லா!"

பெரிய டிரங்குப் பெட்டிக்குள் சின்னதை இறக்கி, இடையில் மரத்தூள் அடைத்தேன். உள்ளே ஐஸ் கட்டி. மேலே காயலான் கடையில் பிடித்த பழைய ரயில் விசிறி, லாரி பாட்டரியில் ஓடும். பக்கவாட்டுக் குழாயில் காற்று சில்லென்று வந்தது. சத்தியமாக வந்தது! நாங்கள் இரண்டு பேரும் நவாப் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பார்த்தோம்.

ஐஸ் மட்டும் மச்சான் பொறுப்பு. மீன் இறங்கும் துறையில், மீனுக்கு அடியில் கிடந்து மிஞ்சியதை ஒரு மீன்காரியிடம் சல்லிசாக வாங்கி வந்தார். "ஐஸ் ஐஸ்தானவே" என்றார். நானும் மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. எங்களுடையது தாராவி மூக்கு. தோல் ஷாப்பு வாசலில் பழகிய மூக்குக்கு அதற்குக் கீழான நாற்றமெல்லாம் கணக்கிலேயே வராது.

ஆபீசர் வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் குடை. மச்சான் திறப்பு விழா மாதிரி ஸ்விட்சைத் தட்டினார். "பேஷ்!" என்றார் ஆபீசர். அடுத்த மூச்சில் முகம் கோணியது.

"என்னய்யா இது! கருவாட்டு மூட்டைக்குள்ள ஒக்காந்துண்டு இருக்காப்ல இருக்கே! ராம ராமா!"

மூக்கைப் பொத்திக்கொண்டு கரைக்குத் தாவினார். குடையை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

"போச்சு மாப்ள, இனி அந்த வாசல்தான்" என்று மச்சான் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என் பெட்டி மேல் என்ன தப்பு?

சாயங்காலம் ஐஸ் விற்ற மீன்காரி அந்தப் பக்கம் வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஐஸ் பாதிகூடக் கரையவில்லை. "அரே வா!" என்றவள், அக்கரையிலிருந்து மீன் ஏற்றி வருவாயா என்று இந்தியில் கேட்டாள்.

அன்றிலிருந்து பாப்லெட் மீன்கள் ஏசி கேபினில் பிரயாணம் செய்தன. மச்சான் தோல் ஷாப்பு வாசலை மிதிக்கவே இல்லை. செருப்புக்கு வேலை வரவில்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டு முன்னைவிடச் சீக்கிரமே காலியானது.

ராத்தா வாசலிலேயே வாளியும் கையுமாக நின்றாள். "அல்லாவே, இதுக்குத் தோல் நாத்தமே தேவலைய்யா!"

மச்சான் கையைத் தூக்கி நிதானமாக மோந்து பார்த்தார்.

"எங்கட்டி நாறுது?"